அன்றொருநாளார்

அன்றொருநாளார் என்று ஓர் இனம் இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்ததில்லை என்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் எந்த அலுவலகத்திலும் வேலை பார்த்ததில்லை, எந்தக் குடும்பத்திலும் பிறந்ததில்லை, எந்தக் கூட்டத்திலும் உட்கார்ந்ததில்லை என்று அர்த்தம். யாரைப் பற்றியாவது பேச்சு வந்தால் போதும், இவர் நாற்காலியில் சற்றே பின்னால் சாய்வார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார், சட்டை நுனியால் துடைப்பார், துடைத்ததை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கண்ணாடியில் தூசு இருக்கிறதா என்று பார்ப்பார் (கண்ணில் இருக்கிறதா என்று பார்க்கமாட்டார்), பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "அன்னைக்கு ஒரு நாள்..." என்று ஆரம்பிப்பார்.

ஆரம்பித்துவிட்டார் என்றால் ஓர் ஆள் முடிந்தான்.

அந்த ஒரு நாளில் அவர் பார்த்தது எதுவோ அதுதான் அந்த ஆள். அதற்கு முன்னால் அவன் வாழ்ந்த நாட்கள் கணக்கில் இல்லை. அதற்குப் பின்னால் அவன் வாழப்போகிற நாட்கள் அந்த ஒரு நாளுக்குச் சாட்சி சொல்வதற்காக மட்டுமே விடியும்.

நான் பள்ளிக்கூடத்துக்குச் சின்ன வயதிலேயே கும்பிடு போட்டவன். பஸ்ஸில் கிளீனராகத் தொற்றிக்கொண்டு, டிரைவராகி, கடைசியில் சொந்தமாகவே பஸ் கம்பெனி நடத்தினவன். ஒரு டிரைவரை எடுப்பதென்றால் முன்பின் தெரியாத பயணி மாதிரிப் பின் சீட்டில் போய் உட்காருவேன். மழையில் எப்படி ஓட்டுகிறான், கூட்டம் ஏறினால் எப்படி ஓட்டுகிறான், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த அன்றைக்கு எப்படி ஓட்டுகிறான் என்று பார்த்த பிறகுதான் சாவியைக் கையில் கொடுப்பேன். என் பஸ்கள் ஒன்றுகூடக் குப்புறக் கவிழ்ந்ததில்லை. ஆனாலும் படிக்காதவன் படிக்காதவன்தானே? நடக்கிற நடையில், திரும்புகிற திருப்பத்தில், ஒரே பார்வையில் ஆளை அளந்துவிடுகிற கலை எனக்குக் கடைசி வரை கைவரவில்லை. அது மெத்தப் படித்தவர்களுக்கு வாய்க்கிற வரம்.

அதிலும் எனக்குத் தெரிந்த அன்றொருநாளார்களிலேயே நன்றாக விளைந்து முற்றியவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தார். பெரிய டாக்டர். அறை வாசலில் மாட்டியிருந்த பலகையில் அவர் பெயரைவிடப் பெயருக்குப் பின்னால் இருந்த பட்டங்கள் அதிக இடம் பிடித்திருந்தன.

அந்த ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டர்கள் இருந்தார்கள். படிப்பு முடித்து, உண்மையான நோயாளிகளிடம் உண்மையான வைத்தியம் பழக வந்தவர்கள். ஒரு பிரிவில் சில மாதம், அடுத்த பிரிவில் சில மாதம் என்று சுற்றிவருவார்கள். அரையாண்டுக்கு ஒரு தடவை பெரிய டாக்டர்கள் ஓர் அறையில் கூடி, யார் எவ்வளவு தேறியிருக்கிறார், யாரை மேலே ஏற்றலாம், யாரை நிறுத்திவைக்கலாம் என்று பேசி முடிவு செய்வார்கள். நல்ல ஏற்பாடு. ஒருவர் கண்ணுக்குத் தப்பியது இன்னொருவர் கண்ணில் படும், ஒருவருடைய கோபத்தை இன்னொருவருடைய நிதானம் சரிக்கட்டும் என்பது அதன் எண்ணம். அதை ஏற்படுத்தினவர் தங்கமான மனிதராக இருந்திருக்க வேண்டும். அவர் அன்றொருநாளாரைச் சந்தித்ததில்லை, அவ்வளவுதான்.

உள்ளே பேசியது வெளியே போகக் கூடாது என்பது அந்தக் குழுவின் கண்டிப்பான விதி. அதனால்தான் எனக்கு இவ்வளவு விவரமாகத் தெரியும். குழுவில் ஒருத்தியாக இருந்த வார்டு சிஸ்டர் என் தம்பி மகள்.

நீளமான மேசை. சுவரில் பாதியாக வெட்டிய இதயத்தின் படம். மேசைத் தலைமாட்டில் குழுத் தலைவர். நல்ல மனிதர், ஓய்வு பெறும் நாள் நெருங்கிவிட்டதால் எல்லாவற்றையும் மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட வேண்டும் என்ற ஒரே கொள்கை உடையவர். வலப்பக்கம் எலும்பு டாக்டர். இடப்பக்கம் ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து கொடுக்கிற மயக்க டாக்டர். ஓரத்தில் என் தம்பி மகள். நடுவில், பிஸ்கட் தட்டுக்கு எட்டுகிற தூரத்தில், நம் அன்றொருநாளார்.

அவருடைய சங்கடத்தையும் நாம் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு பயிற்சி டாக்டர் நோயாளியிடம் எப்படிப் பேசுகிறார், எப்படித் தொட்டுப் பார்க்கிறார் என்பதைப் பக்கத்தில் நின்று அவர் பார்த்து வருஷக்கணக்காகிறது. நேரம் எங்கே? அதற்காகக் கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார முடியுமா? வாயை மூடிக்கொண்டிருப்பவனுக்கு விஷயம் தெரியாது என்று நான்கு பேர் நினைத்துவிடமாட்டார்களா? ஆகையால் கூட்டத்துக்கு வரும்போதே, லிஃப்டில் ஏறி இறங்குவதற்குள், ஆளுக்கு ஒரு சம்பவமாக மனதில் அடுக்கிக்கொண்டுதான் வருவார்.

ஒரு பையன் ஒரு தடவை அவருக்காக லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "பொறுப்பான பையன் சார். அன்னைக்கு ஒரு நாள் பாத்தேன்." அதோடு அவன் பொறுப்பானவன். ரத்தம் எடுக்க நரம்பைத் தேடினான் என்றால் நோயாளியின் கை முழுக்க நீலம் பாரித்துவிடும். நர்ஸுகள் அவனுக்கு 'மைக்கூடு' என்றே பட்டம் வைத்திருந்தார்கள். இருந்தால் என்ன? லிஃப்ட் கதவைப் பிடித்தவன் அல்லவா, கூட்டத்துக்குக் கூட்டம் மேலே போய்க்கொண்டே இருந்தான். இன்னொருவன் ஷூ லேஸ் அவிழ்ந்த காலோடு அவர் கண்ணில் பட்டான். "சொந்தக் காலையே கவனிக்காதவன் அடுத்தவன் வயித்தைத் தைச்சா எப்படி இருக்கும்?" என்று கேட்டார். அவன் அந்த ஆண்டிலேயே நின்றுபோனான்.

வீட்டிலும் இதே கதைதான். மருமகன் முதல் தடவை வந்துவிட்டுப் போனபோது ஃபேனை அணைக்காமல் போய்விட்டார். இன்றைக்கு அவர் சொந்த வீடு கட்டி, கடனையும் அடைத்து நிமிர்ந்த பிறகும் மாமனார் கணக்கில் அவர் ஊதாரிதான்.

அவர் மனைவி ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் சொல்லியிருக்கிறார்: "நல்ல வேளைங்க, நீங்க என்னை முதல்ல பாத்த அன்னைக்கு எனக்குத் தும்மல் வரல."

"ஏன், வந்திருந்தா என்ன?"

"இந்நேரம் நான் நித்திய நோயாளி."

அவர் சிரிக்கவில்லை. தன்னைப் பற்றி யாரோ சொல்கிறார்கள் என்பதுகூட அவருக்கு எட்டவில்லை. இந்த இனத்தின் முக்கியமான அடையாளமே அதுதான்.

இனி, அந்த நாளுக்கு வருவோம்.

ஒரு காலை. வார்டின் கடைசிக் கட்டில். கட்டிலில் கழுத்துவரை போர்த்திக்கொண்டு ஒரு பெரியவர். அவர் பக்கத்தில் குனிந்தபடி ஒரு பயிற்சி டாக்டர், இளம்பெண், கையில் சின்ன டார்ச். அன்றொருநாளார், பின்னால் ஏழெட்டுப் பேர் வாலாக நீள, வார்டு வாசலைக் கடந்துபோகிறார். போகிற போக்கில் தலையைத் திருப்புகிறார். அந்தப் பெண்ணின் வாய் அகலமாகத் திறந்திருக்கிறது. மேல் பல், கீழ்ப் பல், அண்ணம் எல்லாம் தெரிகிற அளவுக்குத் திறந்திருக்கிறது. கண்கள்கூட லேசாகச் சுருங்கியிருக்கின்றன.

அவ்வளவுதான். அவர் நிற்கவில்லை. நின்று பார்த்தால் சம்பவம் கெட்டுப்போய்விடும்.

அடுத்த கூட்டத்தில் அந்தப் பெண்ணின் முறை வந்தது. கண்ணாடி கழன்றது. "அன்னைக்கு ஒரு நாள் வார்டைத் தாண்டிப் போறேன் சார், இந்தப் பொண்ணு பேஷண்ட் மூஞ்சிக்கு நேரா நின்னு கொட்டாவி விடுது. கைய வெச்சு மறைக்கணும்னுகூடத் தோணல. ஊர் உலகத்தையே முழுங்குற மாதிரி."

"அடடா," என்றார் தலைவர். "கொஞ்சம் கவனிச்சுக்குவோம்." எழுதிக்கொண்டார்.

உள்ளே பேசியது வெளியே போகக் கூடாதல்லவா, ஆகவே அன்றொருநாளார் அதை வெளியே யாரிடமும் சொல்லவில்லை. கேன்டீனில் எலும்பு டாக்டரிடம் மட்டும், நடித்தே காட்டி, மறுபடி ஒரு தடவை சொன்னார். எலும்பு டாக்டரும் யாரிடமும் சொல்லவில்லை, ஆபரேஷன் தியேட்டர் வராந்தாவில் மயக்க டாக்டரிடம் சொன்னதைத் தவிர. கூட்டத்தில் முதலில் கேட்டபோது இருவருக்குமே அது காதில் சரியாக விழவில்லை. ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார், இன்னொருவர் பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது புதுச் செய்தியாகவே விழுந்தது. கொட்டாவி ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் என்கிறார்களே, இது காது வழியாகத் தொற்றியது. ஆஸ்பத்திரியில் அதைக் கேட்காத காது ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அது அந்தப் பெண்ணுடைய காது.

அவளைப் பற்றி இரண்டு வார்த்தை. கணவன் கடல் தாண்டி வேலையில் இருந்தான். மழலை மாறாத ஒரு மகள். வேறு ஊரில், அம்மா வீட்டில் வளர்ந்தது. இரண்டாம் ஆண்டு முடிந்து மேலே ஏறிவிட்டால் மூன்றாம் ஆண்டுப் பயிற்சி மகள் இருக்கும் அந்த ஊரின் கிளை ஆஸ்பத்திரியில். வேலை முடிந்தால் நேராக வீடு, மகள், ஒரே பாய். அதுவரைக்கும் போன்தான். அம்மா என்றால் உள்ளங்கை அகலத்தில் வெளிச்சமாக இருக்கும் ஒரு சதுரம் என்று அந்தக் குழந்தை முடிவு கட்டியிருந்தது. படுக்கும் முன் அதற்கு ஒரு முத்தம் கொடுத்து, தலையணைக்குப் பக்கத்தில் வைத்துப் போர்வையும் போர்த்திவிடும். அந்தப் பெண் ஒவ்வொரு பிரிவிலும் உயிரைக் கொடுத்து வேலை பார்த்ததற்கு வைத்திய ஆர்வம் ஒரு காரணம். இந்தப் போர்வை இன்னொரு காரணம்.

இரண்டாவது கூட்டத்தில் அன்றொருநாளார் கண்ணாடியைக் கழற்றுவதற்கு முன்பே எலும்பு டாக்டர் முந்திக்கொண்டார். "இந்தப் பொண்ணு கொஞ்சம் தூக்கக் கலக்கமாவே இருக்கும்னு சொல்றாங்களே?"

அன்றொருநாளாருக்கு உடம்பு சிலிர்த்தது. தான் மட்டுமே கண்டதாக நினைத்த ஒன்றை இன்னொருவரும் கண்டிருக்கிறார். தான் கேன்டீனில் நடித்துக் காட்டியது நினைவுக்கு வந்ததா என்று கேட்கிறீர்களா? வரவில்லை. நல்ல அன்றொருநாளாருக்கு ஒரு நாள்தான் நினைவில் இருக்கும். "பாத்தீங்களா சார், நான் மட்டும் சொல்லல," என்றார்.

"தியேட்டர் பக்கமும் பேச்சு இருக்கு," என்றார் மயக்க டாக்டர் வருத்தமாக. பார்க்கிறவர்களை எல்லாம் தூங்கவைத்தே பிழைப்பு நடத்துகிற மனிதருக்கு அடுத்தவரின் தூக்கம் அவ்வளவு உறுத்தியது.

தலைவர் மறுபடியும் எழுதிக்கொண்டார்.

மூன்றாவது கூட்டம்தான் முக்கியமானது. இரண்டாம் ஆண்டு முடிகிறது. மேலே ஏற்றுவதா, நிறுத்துவதா? தலைவர் காகிதங்களைப் புரட்டினார்.

"எழுத்துல எல்லாம் நல்லாத்தான் இருக்கு. குழந்தைங்க பிரிவுல எழுதியிருக்காங்க, தாய்மாருங்க இந்த டாக்டரைத்தான் தேடி வர்றாங்களாம். அவசரப் பிரிவுல, என்ன கூட்டம் வந்தாலும் பதறாம பாக்குறாங்கன்னு..."

"எழுத்துல எல்லாருமே நல்லவங்கதான் சார்." கண்ணாடி கழன்றது. "அப்புறம் நாம எதுக்கு இங்க உக்காந்திருக்கோம்? அன்னைக்கு ஒரு நாள்..."

"அந்தத் தூக்க விஷயம்தானே?" என்றார் எலும்பு டாக்டர்.

"அது இன்னும் போகலையா?" என்றார் மயக்க டாக்டர்.

தலைவர் பழைய குறிப்புகளை எடுத்தார். விரலை எச்சில் தொட்டுப் புரட்டினார். முகம் கனத்துக்கொண்டே போனது. "போன கூட்டத்துலயும் வந்திருக்கு. அதுக்கு முந்தின கூட்டத்துலயும் வந்திருக்கு. இப்பவும் வருது. மூணு கூட்டமா தொடர்ந்து வருதுன்னா இது ஏதோ ஒரு நாள் சமாச்சாரம் இல்ல. ரெண்டு தடவை சொல்லியும் திருந்தலன்னு அர்த்தம்."

கவனித்தீர்களா? ஒரு வாய் ஒரு தடவை திறந்தது. ஆனால் அது கூட்டத்துக்குக் கூட்டம் புதிதாகத் திறந்துகொண்டே இருந்தது. யாரிடம் 'ரெண்டு தடவை' சொன்னார்கள் என்று கேட்காதீர்கள், தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். சம்பந்தப்பட்டவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்பது குழுவின் வழக்கத்தில் இல்லை.

என் தம்பி மகள் மட்டும் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தாள். "இதை நேர்ல யாரு சார் பாத்தது?"

"நான் பாத்தேன்னு சொல்லலையே சிஸ்டர்," என்றார் எலும்பு டாக்டர். "எல்லாரும் பேசிக்கிறாங்க."

"எல்லாரும்னா யாரு சார்?"

"எனக்கு இவர்தான் சொன்னாரு," என்று மயக்க டாக்டர் எலும்பு டாக்டரைக் கை காட்டினார். எலும்பு டாக்டர் அன்றொருநாளாரைப் பார்த்தார். அன்றொருநாளார் இருவரையும் பார்த்தார். பார்வையில் கொஞ்சம்கூடக் கலக்கம் இல்லை.

"என் ஒருத்தன் பேச்சை வெச்சு முடிவு பண்ணச் சொல்லலம்மா. இவர் சொல்றாரு. அவர் சொல்றாரு. குறிப்புல எழுதியே இருக்கு. இன்னும் எத்தனை பேர் வந்து சொல்லணும்ங்கறே?"

அந்த நேரம் பார்த்து டீ வந்தது. டீயோடு ஒரு தட்டு பிஸ்கட்டும் வந்தது. நியாயத்தின் கையில் கப்பைக் கொடுத்துவிட்டால் அது எதைத் தூக்கிப் பிடிக்கும்? என் தம்பி மகள் கப்பை வாங்கிக்கொண்டாள்.

அந்தப் பெண்ணை ஆறு மாதம் நிறுத்திவைப்பது என்று முடிவானது. அந்த ஆறு மாதமும் ஒரு மூத்த டாக்டரின் நேரடிக் கண்காணிப்பில் இருக்க வேண்டும். யார் கண்காணிப்பில்? குறையை முதலில் கண்டுபிடித்த கூரிய கண் யாருடையதோ அவர் கண்காணிப்பில்தான்.

தலைவர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "உக்காரும்மா. வேலையெல்லாம் நல்லாத்தான் பண்றே. இன்னும் கொஞ்சம் விழிப்பா இருக்கணும்னு குழு நினைக்குது."

"எதுல சார்?"

"பொதுவா."

"ஏதாவது ஒண்ணு சொன்னீங்கன்னா திருத்திக்குவேன் சார்."

"அதெல்லாம் உள்ள பேசினது. வெளிய சொல்லக் கூடாது. உன் நல்லதுக்குத்தான்."

அன்று சாயங்காலம் அவள் அம்மாவுக்குப் போன் போட்டாள். "ஆறு மாசம் தள்ளிப்போயிருச்சும்மா."

"ஏன்? என்ன தப்பு பண்ணினே?"

"தெரியலம்மா. பொதுவா ஏதோ."

"பொதுவா தப்பு பண்ண முடியுமா?" அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இங்க ஒருத்தி பொட்டியை இழுத்து வாசல்ல வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா, அம்மா வந்தா அவ துணியை அடுக்கணும்னு. நீயே சொல்லு அவகிட்ட."

போன் கை மாறியது. அவள் சொன்னாளா, சொல்லாமல் வேறு பேசினாளா என்பது எனக்குத் தெரியாது. பெட்டி வாசலிலிருந்து உள்ளே போய்விட்டது என்று மட்டும் தெரியும்.

விழிப்பாக இருக்கச் சொன்னார்களே என்று அந்தப் பெண் படாத பாடு பட்டாள். காபியாகக் குடித்துத் தள்ளினாள். ரவுண்ட்ஸில் விறைத்து நின்றாள். கண்ணை அகல விரித்துக்கொண்டே இருந்ததில் ஒரு நோயாளி, "எனக்கு ஏதாவது பெரிசா இருக்கா டாக்டர்? உங்க முழியே சரியில்லையே," என்று பயந்து கேட்டாராம்.

நேரடிக் கண்காணிப்பு எப்படி நடந்தது? அன்றொருநாளாருக்கு நேரம் ஏது? அவர் தன் உதவியாளரிடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். உதவியாளர், பெரிய டாக்டரே பார்த்துக்கொள்கிறார் என்று தலைவரிடம் சொன்னார். தலைவர் எழுதிக்கொண்டார். இப்படியே மாதங்கள் ஓடி, அடுத்த கூட்டம் நெருங்கிவிட்டது. சம்பவம் ஒன்றும் கையில் இல்லை. 

அப்போதுதான் அது கிடைத்தது. வெளிநோயாளிகள் பிரிவு வழியாகப் போனில் பேசிக்கொண்டே போகிறார். ஓர் அறைக் கதவு பாதி திறந்திருக்கிறது. உள்ளே அந்தப் பெண் நிற்கிறாள். எதிரே முக்காலியில் ஓர் அம்மாள் கழுத்தை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பெண் உதட்டை இறுக மூடுகிறாள். தாடையைத் தூக்குகிறாள். அவள் தொண்டை மேலே ஏறி இறங்குகிறது, கஷ்டப்பட்டு எதையோ விழுங்குகிற மாதிரி.

அவர் நிற்கவில்லை. ஆனால் போனில் பேசிக்கொண்டிருந்தது நின்றுபோனது. மனம் பொங்கியது. தான் நட்ட செடி பூத்ததைப் பார்த்தவர் மாதிரி நடந்துபோனார். ஒரு சொல் கடுமையாகச் சொல்லாமல், ஏன், ஒரு சொல்லே சொல்லாமல் ஒருத்தியைத் திருத்திவிட்டோமே என்று தோட்டக்காரனுக்குக்கூட அன்று வணக்கம் சொன்னாராம்.

நான்காவது கூட்டம். கண்ணாடி கழன்றது. இந்தத் தடவை துடைக்கக்கூடப் பொறுமை இல்லை.

"அன்னைக்கு ஒரு நாள் சார், கதவு இடுக்கு வழியா பாத்தேன். வந்துச்சு சார் கொட்டாவி. என் கண்ணால பாத்தேன். பேஷண்ட் எதிர்ல உக்காந்திருக்காங்க. இந்தப் பொண்ணு வாயை இறுக்கி மூடி, தாடையைத் தூக்கி, அப்படியே முழுங்கிருச்சு."

 பாதி பிஸ்கட்டோடு எலும்பு டாக்டரின் கை நின்றது.

"விடவே இல்லையா?" என்றார் தலைவர்.

"ஒரு துளி வெளிய வரல சார்."

"கஷ்டம் சார் அது," என்றார் மயக்க டாக்டர், விஷயம் தெரிந்தவராக. "வர்றதை அடக்குறது லேசு இல்ல. உள்ளுக்குள்ள ஒரு கட்டுப்பாடு வேணும்."

"ஆறு மாசத்துல இப்படி ஒரு மாற்றம்," என்றார் எலும்பு டாக்டர். "இதுக்குத்தான் பக்கத்துல இருந்து பாக்க ஒரு ஆள் வேணும்ங்கறது."

தலைவர் எழுந்து அன்றொருநாளாரின் கையைக் குலுக்கினார். குறிப்பில் 'குறிப்பிடத்தக்க முன்னேற்றம். நேரடிக் கண்காணிப்பின் பயன்' என்று எழுதப்பட்டது. ஒருமனதாக அந்தப் பெண் மேலே ஏற்றப்பட்டாள். அன்றைக்குச் சாப்பாட்டுக்கு வெகு முன்னதாகவே கூட்டம் முடிந்துவிட்டது.

அன்று மாலை மருந்து அறையில் வைத்து என் தம்பி மகள் அவளிடம் விஷயத்தைச் சொன்னாள். இனிமேல் சொன்னால் என்ன, ஆள்தான் ஊருக்குப் போகிறாளே.

"கொட்டாவியா?" என்றாள் அந்தப் பெண். "நான் எப்ப சிஸ்டர் கொட்டாவி விட்டேன்?"

"முதல் வருஷம். கடைசிக் கட்டில்ல ஒரு பெரியவர் இருந்தாரே, அவர் முன்னால நின்னு."

அவள் யோசித்தாள். பிறகு கையிலிருந்த பஞ்சு உருண்டையை மெதுவாகக் கீழே வைத்தாள். "அவருக்குக் காது சுத்தமா கேக்காது சிஸ்டர். தொண்டையைப் பாக்கணும். வாயைத் திறங்க, வாயைத் திறங்கன்னு கத்திக் கத்திப் பாத்தேன், ஒண்ணும் நடக்கல. கடைசில நானே 'ஆ'ன்னு வாயைத் திறந்து காட்டினேன். உடனே அவரும் திறந்தாரு. டார்ச் அடிச்சுப் பாத்தேன்."

 "அப்ப இப்ப முழுங்கினது?" என்றாள் என் தம்பி மகள்.

"அந்த அம்மாவுக்குக் கழுத்துல கட்டி. எச்சில் முழுங்கினா கட்டி கூடவே மேல ஏறுதான்னு பாக்கணும். அவங்களுக்கு நாம பேசறது புரியல. வேற பாஷை. சரின்னு நானே முழுங்கிக் காட்டினேன். ஏறுச்சு. உள்ள சேத்தாச்சு, நாளன்னைக்கு ஆபரேஷன்."

"இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா டாக்டர்?"

"யாரு கேட்டா சிஸ்டர்?"

 என் தம்பி மகளுக்கு ரோஷம் வந்துவிட்டது. டீக் கப்பை வாங்கிக்கொண்ட கை அல்லவா. "இருங்க, நான் இப்பவே போய் அத்தனை பேர்கிட்டயும் சொல்றேன்."

அந்தப் பெண் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "வேணாம் சிஸ்டர். கொட்டாவியை முழுங்கினேன்னுதானே ஏத்திவிட்டிருக்காங்க? அது கொட்டாவியே இல்லன்னு தெரிஞ்சா மறுபடி உக்கார வெச்சிருவாங்க."

அன்று ராத்திரி பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டாள். குழந்தை முதலில் அவளிடம் வரவில்லையாம். கையிலிருந்த போனையும் வாசலில் நின்றவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, போனுக்குத்தான் முத்தம் கொடுத்ததாம். அதுவும் அவளைத் திரும்பத் திரும்பப் பார்த்துத்தான் பழகிக்கொண்டது. குழந்தைக்கு இருக்கிற பொறுமை.

அன்றொருநாளார் இன்றைக்கும் புதுப் பயிற்சி டாக்டர்களிடம் இந்தக் கதையைச் சொல்வதாகக் கேள்வி. ஆளை உருவாக்குவது எப்படி என்பதற்கு உதாரணமாகச் சொல்கிறாராம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தப் பெண் கொட்டாவி விட்டாள் என்று நான் எங்கேயாவது சொன்னேனா? வாய் திறந்திருந்தது என்றுதான் சொன்னேன். வேண்டுமானால் திருப்பிப் படித்துப் பாருங்கள். கையில் டார்ச் இருந்தது என்றுகூடச் சொன்னேன். நீங்கள் என்ன செய்தீர்கள்? பாவம், ராத்திரி டியூட்டி பார்த்த அலுப்பு என்று அவளுக்குச் சாக்கு தேடினீர்கள். சாக்கு தேடினீர்கள் என்றால் குற்றத்தை நம்பிவிட்டீர்கள் என்றுதானே அர்த்தம்? குழுவில் உங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கலாம்.

உங்கள் தெருக் காவல்காரர் குடிகாரர் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு நாள் அவர் தள்ளாடியதைப் பார்த்தீர்கள். அன்றைக்குச் செருப்பு அறுந்திருந்ததா என்று பார்த்தீர்களா? உங்கள் நாத்தனார் கர்வம் பிடித்தவர் என்று எப்படித் தெரியும்? ஒரு விசேஷத்தில் கண்டும் காணாத மாதிரிப் போனார். அன்றைக்கு அவர் கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருந்தாரா என்று கேட்டீர்களா? அது கிடக்கட்டும், இந்த அன்றொருநாளாரைப் பற்றி உங்களுக்கு நான் சொன்னது எத்தனை நாள் கதை? எண்ணிப் பார்த்தால் அவரை நீங்கள் கடந்துபோகிற போக்கில்தான் பார்த்தீர்கள். அதற்குள் மனதுக்குள் கண்ணாடியைக் கழற்றிவிட்டீர்கள்.

நான் அப்படிப்பட்டவன் இல்லை. பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்துப் பழகினவன். ஆனாலும் ஒன்று சொல்லி வைக்கிறேன். இதைப் படித்துக்கொண்டு வரும்போது நடுவில் ஓர் இடத்தில் உங்கள் வாய் திறந்தது. சிரிப்பாக இருக்கலாம், ஆச்சரியமாக இருக்கலாம். நான் நின்று பார்க்கவில்லை. அடுத்த தடவை எங்கேயாவது உங்களைப் பற்றிப் பேச்சு வந்தால், சொல்வதற்கு என்னிடம் ஒன்று இருக்கிறது.